ஜன்னலுக்கு முதுகு

ஜனவரி 9
சுரங்க முகாம்

அன்புள்ள அக்காவுக்கு,

கை கால் உடையாமல் வந்து சேர்ந்தேன். நீ, மாமா, அம்மா மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? தனித்தனியாக எழுது. "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று மொத்தமாக முடித்துவிடுவது உன் பழக்கம். அது எனக்குப் பிடிக்காது.

கைபேசிக் கோபுரம் இந்த மலைக்கு இன்னும் ஏறி வரவில்லை. அலுவலகத்தில் ஒரு செயற்கைக்கோள் போன் இருக்கிறது. யாருக்காவது எலும்பு முறிந்தால்தான் அதைத் தொட விடுவார்கள். ஆகவே கடிதம். வாரம் ஒருமுறை சாமான் லாரியோடு தபால் வரும், போகும்.

வேலை இதுதான். மலையைக் குடைந்து சாலை போடுகிறார்கள். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் புதிதாக ஒரு பாறைச் சுவர் தெரியும். அதன்மேல் சிமென்ட் அடிப்பதற்குள் நான் உள்ளே ஓடிப் படம் எடுத்தாக வேண்டும். மூடிய பிறகு அந்தப் பாறையை யாரும் பார்க்க முடியாது, என் படம்தான் மிச்சம். விளக்கைப் பக்கவாட்டில், சுவரை ஒட்டி வைப்பேன். அப்போதுதான் விரிசலுக்கு நிழல் விழும். நேராக வெளிச்சம் அடித்தால் எந்தப் பாறையும் யோக்கியமாகத்தான் தெரியும்.

மிச்ச நேரத்தில் என் சொந்த வேலை. இங்கிருப்பவர்களின் முகத்தை நேருக்கு நேர் எடுத்து, கணினியில் நடுவே வெட்டி, இடது பாதியை இடது பாதியோடும் வலதை வலதோடும் ஒட்டுகிறேன். ஒரு ஆளுக்கு இரண்டு ஆள் கிடைக்கிறார்கள். துளை போடும் எந்திரக்காரர் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் நான்தான் சார். அந்தப் பக்கம் என் மச்சான் மாதிரி இருக்கான். அவனை அழிச்சிருங்க" என்றார்.

நகரத்தில் காட்சிக்கூடம் நடத்தும் அம்மாள் இந்தப் படங்களுக்கு ஒரு சுவர் தருகிறாராம். நான் அவரைச் சுவர்க்காரம்மா என்கிறேன். ஜூன் மாதம் காட்சி. அவர் இரண்டு கேட்கிறார். ஒன்று, நம் வீட்டு முகங்களும் வேண்டும். எந்தப் பாதி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பார்ப்பவர்கள் தேடுவார்களாம். இன்னொன்று, "உங்கள் கலையில் யார் யாருடைய தாக்கம்" என்று அரைப் பக்கம்.

முதலாவது சுலபம். அம்மாவைக் கிளம்பும் முன்பே எடுத்துவிட்டேன். உன் படம்தான் பாக்கி. நேராகப் பார், சிரிக்காதே, மாமாவை எடுக்கச் சொல், மெமரி கார்டைக் காகிதத்தில் ஒட்டி அனுப்பு. இரண்டாவதற்கு யோசனை சொல். ஆனால் "தாயார் காது கேளாதவர், தமக்கை கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் சைகை மொழிபெயர்ப்பவர்" என்று எழுதி அனுதாபம் வாங்குகிற ஆள் நான் இல்லை. அதை மட்டும் சொல்லாதே.

லாரி ஹாரன் அடிக்கிறது.

தம்பி


ஜனவரி 24

என் மேசைதட்டித் தம்பிக்கு,

தனித்தனியாகக் கேட்டாய், தனித்தனியாகவே வாங்கிக்கொள். நான்: நலம், கொஞ்சம் இருமல். மாமா: நலம், பஸ் டிப்போவில் எல்லா எஞ்சினும் ஒரே நாளில் படுத்துவிட்டதாகப் புலம்பல். எடை கூடியிருக்கிறது, சொன்னால் கோபம். அம்மா: நலமோ நலம். உன் கடிதம் வந்தது என்று உன் பெயரைச் சைகையில் செய்து காட்டினேன். அவளும் விரலால் மேசையைத் தட்டினாள். "இன்னும் அப்படியேதானா?" என்று புருவத்தைத் தூக்கினாள். சின்ன வயதில் தட்டு வருவதற்குள் நீ மேசையைத் தட்டித் தட்டி வாங்கிய பெயர். சாகும்வரை மாறாது.

நேற்று கோர்ட்டில் ஒரு கூத்து. ஒரு வக்கீல் எழுந்து, "இந்த மேடம் மொழிபெயர்க்கிறேன்னு மூஞ்சியைக் கோணிக்கோணிச் சாட்சியைக் கலைக்கிறாங்க" என்றார். நான் சொன்னேன்: "ஐயா, கேள்வி என் கையிலே இல்லை, புருவத்திலே இருக்கு. நான் மூஞ்சியைச் சும்மா வெச்சிருந்தா உங்க கேள்வியெல்லாம் கட்டளையாத்தான் அவருக்குப் போகும். பரவாயில்லையா?" நீதிபதி சிரித்துவிட்டார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

தாக்கம் பற்றி எனக்கென்ன தெரியும்? ட்ராயிங் வாத்தியார் உன்னை ஸ்கேலால் தாக்கியது தெரியும். அங்கிருந்து தொடங்கு.

படம் அனுப்புகிறேன். முடி வெட்டிக்கொள்ள வேண்டும். இப்போது எடுத்தால் இரண்டு பாதியும் புதராக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. தூசிக்கு முகமூடி போடு.

அக்கா


பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இருமல் போயிற்றா? மாமா எடையைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை என்று அவரிடம் சொல்.

நீ விளையாட்டாகச் சொன்ன இடத்திலிருந்தே தொடங்கினேன். ட்ராயிங் வாத்தியார்தான் முதல். ஒரு பொருளை நடுவில் வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று வரையச் சொல்வார். வெட்டாமல் எதையும் நம்பாதே என்பது அவர் கட்சி. இந்தப் பாதி முகங்கள் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அடுத்தவர் நம் தெரு முனையில் பாஸ்போர்ட் படம் எடுப்பவர். ஒரே விரலால் தாடையைத் திருப்பி வைப்பார், பிறகு தொடமாட்டார். "அசைஞ்சா நீங்க பொறுப்பு" என்பார். மூன்றாவது சலூன். எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி. என் பின்மண்டையை நான் முதன்முதலில் பார்த்து அதிர்ந்தது அங்கேதான்.

பெரிய கலைஞர்களின் பெயரைப் போட்டால் சுவர்க்காரம்மா குளிர்ந்துபோவார். ஆனால் அவர்களுடைய புத்தகங்களை நான் வேலைக்கு வந்த பிறகுதான் புரட்டினேன். பிடித்தது. என் கை அதற்கு முன்பே இப்படித்தான் இருந்தது.

ஒன்று மட்டும் உதைக்கிறது. இந்த மூன்று பேரில் யாரும் எனக்கு விளக்கை எங்கே வைப்பது என்று காட்டவில்லை. கல்லூரியில் சொல்லித்தருவதற்கு முன்பே அது எனக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று தெரியவில்லை. தானாக வந்தது என்று எழுதிவிடலாமா?

படம் எங்கே? முடி வெட்ட எத்தனை நாள் ஆகும்?

தம்பி


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

நலமா? நான் நலம்.

லாரி வந்து வந்து போகிறது. எனக்குச் சுண்ணாம்புக்கல் பரிசோதனை அறிக்கை வருகிறது, பூட்ஸ் விளம்பரம் வருகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோர்ட்டில் நாள் முழுக்கப் பிறர் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறாய். தம்பிக்கு நாலு வரி எழுத முடியவில்லையா?

சுவர்க்காரம்மா மார்ச் கடைசிக்குள் எல்லா முகமும் வேண்டும் என்கிறார். நீ இல்லாமல் வரிசை நிற்காது. ஒரு படம், அக்கா. மலையைப் பெயர்க்கச் சொல்லவில்லை. அதை இங்கே வேறு ஆட்கள் செய்கிறார்கள்.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

எல்லாரும் நல்லா இருக்கோம். தாமதத்துக்குக் கோபிக்காதே. வேலையிலிருந்து கொஞ்சம் விடுப்பில் இருக்கிறேன். ஓய்வு எடுக்கலாம் என்று தோன்றியது. கண்ணில் தூசி விழுந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, அதனால் எழுத உட்காரவில்லை.

படம் கேட்டாய். ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

அம்மா நலம் கேட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அதில் இருப்பது கடிதமா தந்தியா என்று தெரியவில்லை. கண் இப்போது தேவலையா?

படத்தைப் பற்றி நேரடியாகச் சொல்கிறேன். இது குப்பை. உனக்குப் பின்னால் நம் முன்னறை ஜன்னல், நடுப்பகல் வெளிச்சம். கேமரா ஜன்னலுக்கு அளவெடுத்துக்கொண்டு உன்னைக் கரியாக்கிவிட்டது. இருப்பது ஒரு தலை, இரண்டு தோள். உனக்குப் பதில் கோட் ஸ்டாண்டை உட்கார வைத்து எடுத்திருந்தாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. மாமாவுக்கு எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிகிறது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாதா? அவரை விடு. உனக்குத் தெரியாதா? "ஜன்னலுக்கு முதுகைக் காட்டாதே" என்று அம்மா நம் தலையைத் திருப்பித் திருப்பி வளர்த்த வீடு அது. வெளிச்சத்துக்கு முதுகு காட்டினால் அவளுக்கு நம் பேச்சு நின்றுவிடும். விருந்தாளிகளைக்கூட நாற்காலியோடு திருப்பிப் போடுவாளே. அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு படம்.

ஜன்னலைப் பார்த்து உட்கார். மறுபடி எடு. உடனே அனுப்பு.

தம்பி


மார்ச் 17

அக்கா,

முந்தாநாள் எழுதியதைப் படித்திருந்தால் கிழித்துப்போடு. படிக்கவில்லை என்றால் படிக்காதே. இதை முகாம் டாக்டரின் ஜீப்பில் கொடுத்துவிடுகிறேன், அதற்கு முன்பே வந்தாலும் வரும்.

இன்று சாப்பாட்டுக் கூடத்தில் உன் படம் கணினியில் திறந்திருந்தது. எந்திரக்காரர் எட்டிப் பார்த்து, "யாரு சார் இது, மூஞ்சியைக் காட்ட மாட்டேன்னு உக்காந்திருக்காங்க?" என்றார். "எடுக்கத் தெரியாம எடுத்தது" என்று சொல்ல வாயெடுத்தேன். படத்தை மறுபடி பார்த்தேன்.

நம் வீட்டில் வளர்ந்தவர்கள் மறதியாகக்கூட அப்படி உட்காரமாட்டோம். ஓட்டலுக்குப் போனாலும் நீ முதலில் தேடுவது எந்த நாற்காலியில் வெளிச்சம் விழுகிறது என்பதைத்தான். நீ தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி இருட்டுப் படத்தில் நிழலைத் திறக்க முடியும். கணினியில் ஒரு பட்டையை வலப்பக்கம் இழுத்தால் போதும், கரிக்குள்ளிருந்து முகம் வெளியே வரும். இழுக்க ஆரம்பித்தேன். உன் காதும் கழுத்தும் தெரிந்தன. அங்கே நிறுத்திப் பழையபடி மூடிவிட்டேன். நீ காட்டாததை நான் எடுத்துப் பார்க்கக் கூடாது.

உன் முகத்துக்கு என்ன ஆயிற்று? மாமா அடிக்கிற ஆள் இல்லை, அது தெரியும். அடிபட்டதா? தீயா? ஏதாவது கட்டியா? என்னவாக இருந்தாலும் எழுது. எழுதப் பிடிக்கவில்லை என்றால் "எழுதப் பிடிக்கவில்லை" என்றாவது எழுது. படம் வேண்டாம்.

தம்பி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. நீ சொன்னதைக் கேட்காமல் திட்டுக் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். கோட் ஸ்டாண்டு என்ற இடத்தில் சிரிப்பு வந்தது. பாதிதான் சிரிக்க முடிந்தது. அதுதான் விஷயம்.

பிப்ரவரி நடுவில் ஒரு காலை, பல் தேய்த்துவிட்டுக் கொப்பளித்தேன். தண்ணீர் வலது வாயோரமாகத் தானே வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் என் முகத்தின் வலது பாதி என்னோடு வரவில்லை. கண் மூடவில்லை, புருவம் ஏறவில்லை, உதடு தொங்குகிறது. பக்கவாதம் என்று நினைத்து மாமா போட்டது போட்டபடி தூக்கிக்கொண்டு ஓடினார். அது இல்லையாம். முகத்துக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது, முகவாதம் என்றார் டாக்டர். "பெரும்பாலானவங்களுக்குச் சில மாசத்துலே திரும்பிடும்மா." "அந்தப் பெரும்பாலானவங்கள்லே நான் இருக்கேனா டாக்டர்?" "அதை நரம்புதான் சொல்லணும்."

மற்றவர்களுக்கு முகம் கோணினால் அழகு போச்சு என்று கவலை. எனக்கு வாயே போன மாதிரி. பிடிவாதமாக ஆஸ்பத்திரி வேலைக்குப் போனேன். காது கேளாத ஒரு பெண், வயிற்றுவலி. டாக்டர், "இங்கே வலிக்குதா?" என்று கேட்டார். நான் கையால் கேட்டேன். புருவம் ஒன்றுதான் ஏறியது. அந்தப் பெண் என் கையைத் தட்டிவிட்டாள். "நான் நடிக்கிறேன்னு நினைக்கிறியா?" என்றாள். நான் அவளிடம் அக்கறையாகக் கேட்டேன், தம்பி. என் முகம் அவளை நக்கல் செய்துவிட்டது. அன்றே வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது என் இடத்தில் வேறொருவர் நிற்கிறார். எனக்கு மேசை வேலை. முகம் வராவிட்டால் அதுதான் நிரந்தரம், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அம்மாவிடமும் பேசுவதைக் குறைத்துவிட்டேன். சாப்பிடும்போது ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். கொஞ்ச நாள் பொறுத்தாள். ஒருநாள் வந்து பார்த்தால் மேசை இடம் மாறி, ஜன்னல் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் வெளிச்சம் என் முகத்தில்தான். "பாதி வார்த்தை போதும். மீதியை நான் போட்டுக்கறேன்" என்றாள். அப்புறம் நான் எங்கே ஒளிய?

உன் வெட்டி ஒட்டும் படத்துக்கு இந்த முகத்தை எப்படி அனுப்புவது? ஒரு பக்கம் நான். இன்னொரு பக்கம் யாரும் இல்லை. அனுப்பாவிட்டால் நீ விடமாட்டாய். அதனால்தான் அப்படி எடுத்தேன். நீ நிழலைத் திறந்து பார்த்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். மூடிவிட்டேன் என்றாய். அதனால் எழுதுகிறேன்.

வராதே. மாமாவுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்றதும் அணை வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தாய். வந்து என்ன செய்தாய்? ஆஸ்பத்திரி டியூப் லைட்டின் நிறம் சரியில்லை என்று நர்ஸோடு சண்டை போட்டாய். உன் மலையை முடித்துவிட்டு வா.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வரவில்லை. பையைக் கட்டி, பிரித்துவிட்டேன். அந்த டியூப் லைட் பச்சையாக இருந்தது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

முகாம் டாக்டரிடம் கேட்டேன். அவரும் உன் டாக்டர் சொன்னதையே சொல்கிறார். கண்ணுக்குச் சொட்டு மருந்து போடு, தூங்கும்போது இமையை ஒட்டிக்கொள். இதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

வெட்டி ஒட்டிய படங்களை நிறுத்திவிட்டேன். உன்மேல் பரிதாபப்பட்டு இல்லை, அப்படி நினைத்தால் சண்டைக்கு வருவேன். உன் கடிதம் வந்த அன்று எல்லா முகங்களையும் வரிசையாகத் திறந்து வைத்துப் பார்த்தேன். ஒருவர்கூடப் பேசவில்லை. அத்தனை பேரும் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்கிறார்கள். அசையாதே, சிரிக்காதே என்று சொல்லிச் சொல்லி நானே அவர்களைப் பாறை ஆக்கியிருக்கிறேன். பாறையைத்தான் பகலெல்லாம் எடுக்கிறேனே!

மறுநாள் சுரங்கத்துக்குள் போனபோது ஒன்று கண்ணில் பட்டது. துளை எந்திரம் ஓடும்போது உள்ளே யாருக்கும் எதுவும் கேட்காது. காதிலே அடைப்பான் வேறு. யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் ஹெல்மெட் விளக்கைக் கழற்றி, தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறார். அப்புறம் உதடும் புருவமும் மற்றக் கையுமாகப் பேசுகிறார். "விளக்கை எதுக்குத் திருப்பறீங்க?" என்று வெளியே வந்ததும் எந்திரக்காரரிடம் கேட்டேன். "பேசறவன் மூஞ்சி தெரியலேன்னா என்னத்தைப் பேசி என்ன சார்?" என்றார். இத்தனை மாதமாக இதைத் தாண்டித்தான் தினமும் போய்க்கொண்டிருந்தேன். விரிசலைத் தேடும் அவசரத்தில் பார்க்கவில்லை.

விளக்கை எங்கே வைப்பது என்பது எனக்குத் தானாக வந்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா? என்ன மடத்தனம். அம்மா இதுவரை கேமராவைத் தொட்டதில்லை. ஆனால் பேசுகிறவன் முகத்தில் வெளிச்சம் விழவேண்டும் என்று என் தாடையைப் பிடித்துத் திருப்பியவள் அவள்தான். பாஸ்போர்ட்காரருக்குப் பல வருடம் முந்தி.

இனி அதைத்தான் எடுக்கப்போகிறேன். தன் முகத்துக்குத் தானே விளக்குப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களை. நேற்று மூன்று பேரை எடுத்தேன். எந்திரக்காரர், "இந்தத் தடவை மச்சான் இல்லை, முழுசா நான்தான்" என்றார்.

அம்மா மீதியைப் போட்டுக்கொள்கிறாள் என்றால் நீ பேசு. பேசாமல் இருக்காதே.

தம்பி


ஏப்ரல் 27

அன்புள்ள மேசைதட்டிக்கு,

நலம், நலம், நலம். மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதிவிட்டேன், சரியா?

நீ பேசச் சொன்னாய் என்பதற்காக இல்லை, ஆனால் பேசினேன். இன்று காலை அம்மாவிடம், "பால் வந்ததா?" என்று கேட்டேன். அவள் என் நெற்றியையே பார்த்தாள். "மறுபடி கேள்" என்றாள். கேட்டேன். "மறுபடி." எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுப்பில் சோறு பொங்கி வழிகிறது, இவள் என்னைக் கேள்வி கேட்க வைத்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் என் வலது புருவத்தில் விரலை வைத்து, "இது கேட்குது" என்றாள்.

கண்ணாடிக்கு ஓடினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், "உனக்காக வேணும்னா ஆமான்னு சொல்றேன்" என்றார். மனுஷனுக்குப் பொய்கூடச் சொல்லத் தெரியாது. டாக்டரிடம் போனோம். அவர் விளக்கடித்துப் பார்த்து, தூக்கச் சொல்லிப் பார்த்து, தன் நாற்காலியில் சாய்ந்தார். "ஆரம்பிச்சிருச்சு. நூலளவுதான். ஆனா ஆரம்பிச்சா நிக்காது. யாரு முதல்லே பார்த்தது?" என்றார். மாமா அவ்வளவு நேரம் தைரியமாக இருந்தவர், மருந்துக் கடை வாசலில் நின்று அழுதார். போகிறவர்கள் எல்லாம் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

முழுசாக வர இன்னும் நாளாகும். வாயோரம் இன்னும் சோம்பேறியாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்றுவரை "வந்தால்" என்று பேசிக்கொண்டிருந்தோம். இன்று "வரும்போது" என்று பேசுகிறோம்.

உன் புதிய படங்களில் எனக்கு இடம் உண்டா? நான் விளக்குப் பிடிக்கமாட்டேன், எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை லாரிக்குப் பக்கத்திலேயே நின்று படித்தேன். டிரைவர், "என்ன சார், ப்ரோமோஷனா?" என்றார். "புருவம்" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. எனக்குக் கண்ணீரில் கண் தெரியாமல் போய் ஒரு சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கால்சட்டை பாழ். நான் நலமோ நலம்.

அந்த அரைப் பக்கத்தைப் போன மாதமே அனுப்பிவிட்டேன். அரைப் பக்கம் வரவில்லை, இவ்வளவுதான் வந்தது:

"என் தாயாருக்குக் காது கேட்காது. எங்கள் வீட்டில் பேசவேண்டும் என்றால் முகத்தில் வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் உட்காருவோம். நான் கற்ற ஒளியமைப்பு இதுதான். மற்றவர்களிடமிருந்து கற்றதெல்லாம் இதற்கு அப்புறம்."

அனுதாபம் வாங்கமாட்டேன் என்று உனக்கு வீராப்பாக எழுதியது நினைவிருக்கிறது. இதில் அனுதாபப்பட என்ன இருக்கிறது? மற்றவர்களுக்குக் காசு கொடுத்துக் கற்கவேண்டிய பாடம், நமக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. இப்போது இல்லை.

பெரிய கலைஞர்கள் பெயர் எதுவும் இல்லையே, வெட்டிய முகங்கள் எங்கே என்று சுவர்க்காரம்மா குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். புதிய படங்களைப் பார்த்துவிட்டு ஒரே வரி எழுதியிருக்கிறார்: "கூடத்தில் விளக்குகளைப் பார்வையாளர்களின் முகத்தில் விழும்படி மாற்றச் சொல்லிவிட்டேன். படத்தைப் பார்க்கிறவர்களும் ஒருவரோடொருவர் பேசட்டும்." இவ்வளவு நாள் அவரைக் கிண்டல் செய்ததற்குக் கொஞ்சம் வருந்துகிறேன்.

உனக்கு இடமா? சுவரின் நடுவைக் காலியாக வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் என் பகுதி முடிகிறது, நேரே வீட்டுக்கு வருகிறேன். நீ பேசிக்கொண்டே இரு, நான் எடுத்துக்கொள்கிறேன். முகம் எவ்வளவு வந்திருக்கிறதோ அவ்வளவு போதும். அம்மாவைப் பதில் எழுதச் சொல். நான் கேட்டால் எழுதமாட்டாள்.

தம்பி


மே 16

மகனுக்கு அம்மா எழுதுவது.

நான் சௌக்கியம். உன் பூட்ஸ் ஈரமாக இருந்தால் போடாதே.

உன் அக்கா எழுதச் சொன்னாள். என்ன எழுத என்று யோசித்தேன். இன்று நடந்ததை எழுதுகிறேன்.

நாளை அவள் கோர்ட்டுக்குப் போகிறாள். மேசைக்கு இல்லை. நிற்கும் வேலைக்கு. அவளுடைய கறுப்புக் கோட்டை நான் இஸ்திரி போட்டேன். அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது. பெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் பார்க்கப் போனேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. திரும்பி வந்தால் தீய்ந்தது கோட்டு. முதுகில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு அப்படியே இருக்கிறது.

அவள் வந்து பார்த்தாள். கோட்டை விரித்துப் பிடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். ஜன்னல் எனக்குப் பின்னால் இருந்தது. வெளிச்சம் முழுவதும் அவள் மேலே.

இரண்டு புருவமும் சேர்ந்து இறங்கின. இரண்டு கண்ணும் சுருங்கின. கன்னம் இரண்டும் உப்பின. வாய் நேராகத் திறந்தது. ஒரே ஒரு கோட்டு, ஒரு வேலை உருப்படியாகச் செய்ய மாட்டாயா, யார் உன்னைத் தொடச் சொன்னது, நாளைக்கு எதைப் போட்டுக்கொண்டு நிற்பேன். எல்லாம் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. எதையும் நான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

நீ இருந்திருந்தால் படம் எடுத்திருப்பாய். இல்லாதது நல்லது. குறுக்கே நின்றிருப்பாய்.

மன்னிப்புக் கேட்டால் நிறுத்திவிடுவாள். அதனால் நான் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

அம்மா